மாமா ஒப்புக்கொள்ளாத அட்டை

பழவேற்காட்டுக் கோட்டைக்குப்பத்தில் ஆயா வீட்டுக் கதவுக்குப் பின்னால் ஒரு மண்சட்டியில் கல்லுப்பு இருக்கும். கருவாட்டுக்கு வேறு உப்பு, குழம்புக்கு வேறு. கதவுக்குப் பின்னால் இருந்தது அட்டைக்கு. ஊருக்கு மேற்கே, வயல் தொடங்குகிற இடத்தில் இருந்த குளத்துக்குப் போய்வரும் பிள்ளைகளை ஆயா வாசலிலேயே நிறுத்திவிடுவாள். பாவாடையைத் தூக்கு, திரும்பு, காலை அகட்டு. எல்லாம் பார்த்த பிறகுதான் உள்ளே விடுவாள்.

எனக்கு முதல் அட்டை கடித்தது ஒன்பது வயதில். அப்பாவுக்குப் பொன்னேரியில் வேலை. கோடை விடுமுறைக்கும் பொங்கலுக்கும் பஸ் ஏறிப் பழவேற்காடு வந்துவிடுவோம். அன்றைக்கு அல்லிப்பூ பறிக்க முட்டியளவுத் தண்ணீரில் இறங்கியிருந்தேன். கடித்ததே தெரியவில்லை. வாசலில் ஆயா திருப்பிப் பார்த்தபோதுதான் கெண்டைக்காலில் நனைந்த வாழைச்சருகுபோல் ஒன்று ஒட்டியிருந்தது. ஆலிவ் பச்சை முதுகு, ஓரத்தில் மஞ்சள் கோடு, நடுவில் குண்டாக உப்பிய உடம்பு. நான் அலறி அதைப் பிடித்து இழுத்தேன். இழுக்க இழுக்க ரப்பர்போல் நீண்டதே தவிர விடவில்லை.

“இழுக்காதடி, பல்லு உள்ளயே நின்னுரும்” என்று ஆயா கையைத் தட்டிவிட்டு நாலு கல்லுப்பை அதன்மேல் வைத்து அழுத்தினாள். அது சுருண்டு, குடித்ததைக் கக்கிக்கொண்டு தரையில் விழுந்தது. எனக்குப் பயம் அதற்குப் பிறகுதான் வந்தது. ரத்தம் நிற்கவே இல்லை. காப்பித்தூளை வைத்துத் துணியால் கட்டினாள். இரவு சாப்பிடும்போதும் துணி நனைந்துகொண்டே இருந்தது. மறுநாள் கட்டை அவிழ்த்தபோது, மூன்று சின்னக் கோடுகள் நடுவில் கூடும் ஒரு முத்திரை. பென்ஸ் காரின் சின்னம் என்று சென்னைச் சித்தப்பா சொன்னார். நான் பென்ஸ் காரைப் பார்த்தது அதற்குப் பல வருடம் கழித்து.

“எருமையோட போயி முங்குனா, உன்னையும் எருமைன்னுதான் நெனச்சிக்கும்” என்பது ஆயாவின் தீர்ப்பு.

மாமாவுக்கு அட்டைமேல் வேறு மாதிரி மரியாதை. ஏரியில் எங்கள் வீட்டுக்குப் பாட்டு உரிமை உண்டு. எந்த நாளில் யார் எந்த இடத்தில் சுத்துவலை போடலாம் என்று ஊர் கூடி முறை வைக்கிற ஏற்பாட்டுக்குப் பாடு என்று பேர். தன் முறை வராத நாட்களில் மாமா என்னைப் படகில் ஏற்றிக்கொண்டு சும்மா சுற்றுவார். விரலைத் தண்ணீரில் நனைத்து நாக்கில் வைத்து உப்பு எவ்வளவு என்று சொல்லுவார். பழவேற்காடு ஏரிக்கு ஒரே தண்ணீர் கிடையாது. ஐப்பசி, கார்த்திகையில் தெற்கே ஆரணியாறும் வடக்கே காளங்கியும் கொண்டுவந்து கொட்டும்போது ஏரியின் பல இடம் கிட்டத்தட்ட நன்னீர். பங்குனி, சித்திரையில் முகத்துவாரம் மணலில் தூர்ந்துபோனால் தண்ணீர் வற்றி, கடலைவிட உப்பு ஏறிவிடும். கடல்நீரில் லிட்டருக்கு 35 கிராம் அளவு உப்பு. கோடையில் ஏரி அதைச் சுலபமாகத் தாண்டும்.

“அட்டை கீதா, தண்ணி நல்ல தண்ணி. அட்டை இல்ல, சந்தேகம்” என்பார் மாமா. அவருடைய அகராதியில் அட்டை என்ற சொல்லுக்குள்ளேயே நன்னீர் இருந்தது.

அதைச் சோதித்துப் பார்க்கும் புத்தி எனக்கு அந்தக் கோடையிலேயே வந்துவிட்டது. குளம் சுருங்கிச் சேறாகிக்கொண்டிருந்தது. ஹார்லிக்ஸ் பாட்டிலில் குளத்துத் தண்ணீரும் ஒரு அட்டையும் பிடித்தேன். அது பாட்டில் சுவரில் முன்னுறிஞ்சியை ஒட்டி, உடம்பை வளைத்து, பின்னுறிஞ்சியை அதன் பக்கத்தில் கொண்டுவந்து வைத்து, ஜாண் போட்டு ஏறியது. தண்ணீரைக் கலக்கினால் நாடாபோல் தட்டையாகி அலை அலையாக நீந்தியது. ஒரு மணிநேரம் பார்த்திருப்பேன். அழகாகத்தான் இருந்தது. பிறகு பாதித் தண்ணீரைக் கொட்டிவிட்டு ஏரித் தண்ணீரை ஊற்றினேன். உருண்டையானது. வெள்ளையாகக் கோழை விட்டது. இரண்டு மூன்று முறை நீள முயன்று முடியாமல் அடியில் கிடந்தது. திரும்பவும் குளத்துத் தண்ணீரில் போட்டேன், எழவில்லை.

காரணம் தெரிய எனக்குப் பத்து வருடத்துக்குமேல் ஆனது. சென்னைக் கல்லூரியில் விலங்கியல் இளங்கலை, இரண்டாம் ஆண்டு. மெழுகுத் தட்டில் குண்டூசி குத்திக் கிடந்த அட்டைக்கு எங்கள் பிராக்டிக்கல் நோட்டில் ஹிருடினேரியா கிரானுலோசா என்று பேர். 1822இல் பிரெஞ்சு விலங்கியலாளர் சவிஞி கிரானுலோசா என்ற பெயரை வைத்தார். இந்தியக் கல்லூரிகளுக்கு இந்த அட்டை பாடமானதில் எம். எல். பாட்டியா 1941இல் எழுதிய கையேட்டுக்குப் பெரிய பங்கு உண்டு. மண்புழு, கரப்பான், தவளை, அட்டை. எங்கள் தலைமுறை விலங்கியல் மாணவர்களுக்கு இந்த நான்கையும் அறுக்காமல் பட்டம் கிடையாது. 2014இல் யூ.ஜி.சி. இந்த அறுவையைக் கைவிடச் சொன்ன செய்தியைப் படித்தபோது நல்லது என்றுதான் தோன்றியது. ஆனாலும் அந்த ஒரு மதியத்தை நான் இழக்க விரும்பமாட்டேன்.

முதுகுப் பக்கம் கத்தரியால் கீறித் தோலை விலக்கியதும் கறுப்பாக ஒரு பை. பை என்பதைவிட, பத்து அறை கொண்ட ஒரு சரக்கறை. ஒவ்வொரு அறைக்கும் இரண்டு பக்கமும் மடிப்பு, கடைசி இணை மட்டும் வால்வரை நீண்டு தொங்குகிறது. அதற்குள் ரத்தம் கெட்டியாக, மாதக்கணக்கில் செரிக்கக் காத்திருக்கிறது. அது யாருடைய ரத்தம் என்று பக்கத்துப் பெண் கேட்டாள். ஆய்வக உதவியாளர், பிடித்துவந்த குளத்தில் எருமைகள்தான் அதிகம் என்றார். ஆயா சொன்னது எனக்கு ஞாபகம் வந்து சிரித்துவிட்டேன். வகுப்பில் திட்டு வாங்கினேன்.

உடம்பின் வெளியே வளையங்களை எண்ணினால் நூற்றைத் தொடும். அது ஏமாற்று. ஐந்து வளையம் சேர்ந்தால்தான் உண்மையான ஒரு கண்டம், அதுவும் நடு உடம்பில் மட்டும். அடியில் நரம்புத் தண்டு மணி கோத்ததுபோல் ஓடுகிறது. தலைமேல் பத்துக் கண், லாட வடிவில். மூன்று தாடை, ஒவ்வொன்றின் விளிம்பிலும் ரம்பம்போல் நுண்பல். பென்ஸ் சின்னத்தின் மூன்று கோடும் இவை போட்டவை. எனக்கு முக்கியமாகப் பட்டது வேறொன்று. இரண்டு பக்கமும் வரிசையாக 17 இணைக் கழிவுக்குழல்கள்.

குளத்து அட்டையின் உடம்புக்குள் இருக்கும் நீரைவிடக் குளத்து நீரில் உப்பு குறைவு. அதனால் தண்ணீர் தோல் வழியாக ஓயாமல் உள்ளே ஊறிக்கொண்டே இருக்கும். ஓட்டைப் படகில் ஏறும் தண்ணீரை வாரி வாரி இறைப்பதுபோல் இந்த 17 இணைக் குழல்களும் இரவு பகலாக அதை வெளியே தள்ளுகின்றன. நான் ஏரித் தண்ணீரை ஊற்றியபோது கணக்கு தலைகீழானது. வெளியே உப்பு அதிகம், உள்ளேயிருந்த நீர் தோல் வழியே வெளியேறியது. இறைக்கத் தெரிந்த அட்டைக்கு அடைக்கத் தெரியாது. ஆயாவின் கல்லுப்பு செய்ததும் இதையேதான்.

நூலகத்தில் அட்டைகளுக்கான பெரிய புத்தகம் ஒன்று இருந்தது. பிரிட்டிஷ் இந்தியாவின் விலங்குகள் வரிசையில் 1927இல் வந்த அட்டைத் தொகுதி, ஹார்டிங்கும் மூரும் எழுதியது. இரண்டு பேரும் வேலையைப் பிரித்துக்கொண்ட விதம் எனக்குப் பிடித்திருந்தது. வாயை வைத்துப் பிரித்தார்கள். வாய்க்குள்ளிருந்து ஊசிபோல் குழல் நீட்டிக் குத்துகிறவை எல்லாம் ஹார்டிங் பங்கு. குழல் இல்லாதவை மூர் பங்கு: தாடையால் அறுக்கும் குளத்து அட்டை, மலையில் காலைப் பிடிக்கும் காட்டு அட்டை, பல்லே இல்லாமல் புழுக்களை அப்படியே விழுங்குகிறவை. இந்தக் கடைசி வகையைப் பார்க்கும்வரை அட்டை என்றால் ரத்தம் என்றுதான் நானும் நினைத்திருந்தேன். உலகத்தில் அட்டை இனங்கள் சுமார் 700. அவற்றில் பெரும்பான்மை நன்னீரில் இருப்பவை, கணிசமானவை ரத்தத்தைத் தொடுவதே இல்லை.

அடுத்த விடுமுறையில் ஆயா வீட்டுக்கு வந்ததும் முறத்தை எடுத்துக்கொண்டு குளத்துக்குப் போனேன். “காலேஜுல சேத்ததுக்கு இதுதானா?” என்று ஆயா தலையில் கை வைத்துக்கொண்டாள். குளத்து நத்தைகளைத் திருப்பிப் பார்த்தால், ஓட்டின் வாயோரம் கண்ணாடித் துண்டுபோல் ஒளிபுகும் சின்ன அட்டைகள். சுண்டுவிரல் நக அளவு. ஹார்டிங்கின் குழல்வாய்க் கூட்டம். ஒன்றைத் தட்டில் கவிழ்த்தேன். வயிற்றடியில் பொடிப்பொடியாகக் குஞ்சுகள், பத்துப் பதினைந்து, ஒவ்வொன்றும் தாயின் தோலில் பின்னுறிஞ்சியால் தொற்றிக்கொண்டு தலையை ஆட்டின. தாய் உடம்பின் ஓரத்தை மடித்து அவற்றை மூடியது. குளத்து எருமை அட்டை கரை மண்ணில் நுரைக்கூடு கட்டி முட்டையை விட்டுவிட்டுப் போய்விடும். இந்தக் குடும்பம் அப்படி இல்லை, முட்டையையும் குஞ்சையும் வயிற்றில் ஒட்டிக்கொண்டே திரியும். ஆயாவைக் கூப்பிட்டுக் காட்டினேன். குனிந்து வெகுநேரம் பார்த்தாள். உப்பு எடுத்து வரவில்லை.

நம் பக்கக் குளங்களில் நத்தையோடு இருக்கும் அட்டைகளில் ஒன்றுக்கு வெபரி என்று பேர். டச்சுக் கிழக்கிந்தியத் தீவுகளில் மாக்ஸ் வெபர் சேகரித்தவற்றைப் பார்த்து 1897இல் பிளான்சார் வைத்தது. டச்சுக்காரர் கோட்டையின் இடிபாடும் மண்டையோடு செதுக்கிய கல்லறையும் இருக்கும் ஊரில் அட்டைப் பெயரில்கூட டச்சு வாடை.

தமிழில்தான் இந்தப் பெயர்க் கணக்கு தகராறு. மழையில் சுவரேறும் மரவட்டைக்கும் குளத்து அட்டைக்கும் உறவே இல்லை. அதற்கு நூறு கால், இதற்குக் கால் என்பதே கிடையாது. இருந்தும் இரண்டும் அட்டை. ரேஷன் அட்டையை விட்டுவிடுகிறேன். அட்டையைத் தூக்கி மெத்தையில் வைத்தாலும் அது குட்டையைத்தான் தேடும் என்ற பழமொழியைச் சொன்னவருக்கு எந்த அட்டை என்பதில் சந்தேகமே இருந்திருக்காது. மாமாவின் கட்சி அவர்.

மாமா கட்சியில் இன்னும் பெரிய ஆள் ஒருவர் இருந்தார் என்பது பிறகு தெரிந்தது. சுசுருத சம்ஹிதை அட்டைகளைப் பன்னிரண்டாகப் பிரிக்கிறது. ஆறு விஷமுள்ளவை, ஆறு விஷமற்றவை. நிறமும் வடிவமும் சொல்லிவிட்டு, பிறக்கும் தண்ணீரையும் சொல்லுகிறது: செத்த மீனும் தவளையும் அழுகிய நீரில் பிறப்பவை ஆகாதவை, தாமரையும் அல்லியும் உள்ள தெளிந்த நீரில் பிறப்பவை நல்லவை. விஷமுள்ள ஆறில் ஒன்றின் பெயர் சாமுத்ரிகா. பெயரிலேயே சமுத்திரம் ஒலிக்கிறது. சித்த மருத்துவத்தின் 32 புறமருத்துவ முறைகளில் அட்டைவிடலும் ஒன்று. மஞ்சள் கரைத்த நீரில் விட்டு அட்டையை உசுப்பி, புண்ணில் விட்டு, குடித்து முடித்ததும் மஞ்சள்தூளைத் தூவிக் கக்கவைப்பார்கள். ஆயாவின் உப்புக்குக் கொஞ்சம் நாகரிகமான அண்ணன் இந்த மஞ்சள். அன்று இரவு என் கட்டு ஏன் நனைந்தது என்பதற்கான விடையை 1884இல் ஹேகிராஃப்ட் கண்டார். அட்டையின் உமிழ்நீரில் ரத்தத்தை உறையவிடாத பொருள் இருக்கிறது. பின்னால் அதற்கு ஹிருடின் என்று பெயர் வந்தது. காப்பித்தூளுக்கு அது கட்டுப்படாது.

புத்தகக்காரர்களும் தடுமாறியிருக்கிறார்கள் என்பதில் எனக்கு ஒரு அற்ப சந்தோஷம். ஐரோப்பிய மருத்துவ அட்டை, அதாவது லின்னேயஸ் 1758இல் பெயர் கொடுத்த ஹிருடோ மெடிசினாலிஸ் என்று சொல்லி உலகம் முழுக்க விற்றுக்கொண்டிருந்தது, பெரும்பாலும் அதன் உறவுக்கார இனமான ஹிருடோ வெர்பானா. மரபணுவைப் பார்த்து 2007இல்தான் அதைச் சொன்னார்கள்.

நான் ஆசிரியையாகி, ஆயா போய்ச் சேர்ந்து, சுனாமியும் வந்து போன பிறகு ஒருநாள் மாமா ஆளனுப்பிக் கூப்பிட்டார். சின்னக் கொடுவாக் குஞ்சுகளைப் பிடித்து வலைக்கூண்டில் வளர்த்துப் பார்க்கும் ஆசை அவருக்கு. நல்ல எடை வந்தால் உயிரோடு விற்கலாம் என்று யாரோ சொல்லியிருந்தார்கள். “மீனுக்குப் பேன் புடிச்சிருக்கு, வந்து பாரு.”

மீன்கள் கூண்டுக் கழியில் உரசிக்கொண்டிருந்தன. ஒன்றைத் துணியில் பிடித்துச் செவுள் மூடியைத் தூக்கினேன். துடுப்பின் அடியிலும் தாடைக்குக் கீழும் கறுப்பு நூல் துண்டுகள் குஞ்சம் குஞ்சமாக. ஒன்றை நகத்தால் எடுத்து உள்ளங்கையில் வைத்தேன். ஒரு செண்டிமீட்டர் இருக்கும். ஒரு நொடி கழித்து, தலைப்பக்கம் ஒட்டி, முதுகை வளைத்து, ஜாண் போட்டது. ஹார்லிக்ஸ் பாட்டிலில் பார்த்த அதே நடை.

“மாமா, இது பேன் இல்ல. அட்டை.”

“போம்மா. அட்டை உப்புல இன்னா பண்ணும்?”

“மீன் அட்டை மாமா. கடல்லயே கீது.”

“நீதானே பாட்டில்ல போட்டுச் சாவடிச்ச? மறந்துட்டியா?”

முப்பது வருடத்துக்கு முந்தைய கொலையைச் சாட்சியாகக் கொண்டுவந்து நிறுத்தினால் நான் என்ன சொல்ல. பிசிகோலிடே என்ற மீன் அட்டைக் குடும்பம், குழல்வாய், ஹார்டிங்கின் பங்கு என்றெல்லாம் சொன்னேன். கொடுவாவையும் கழவாவையும் வளர்ப்பவர்களுக்கு ஆசியா முழுக்கத் தலைவலி தரும் இந்தக் குடும்பத்து அட்டை ஒன்றை இலங்கையில் அருகம் களப்பில் கண்டுபிடித்து, 1963இல் டி சில்வா என்பவர் சைலானிகோப்டெல்லா அருகமென்சிஸ் என்று ஊர்ப் பெயரையே வைத்ததையும் சொன்னேன். களப்பு என்றால் நம் ஏரி மாதிரி என்றதும் மாமா கொஞ்சம் காது கொடுத்தார். அட்டை என்பதை மட்டும் ஒப்புக்கொள்ளவில்லை.

“மழைத்தண்ணி வந்தா இதெல்லாம் தானா கொட்டிப்புடும். அட்டையா இருந்தா மழைத்தண்ணில கொழுக்கணும்ல?”

மருந்தை அவரே சொல்லிவிட்டார். போர் தண்ணீர் பிடித்த நீல டிரம்மைக் கரைக்கு உருட்டி வந்தோம். ஏழெட்டு மீனாக விட்டோம். கொடுவாவுக்கு உப்பும் ஒன்று, நன்னீரும் ஒன்று. கடலில் முட்டையிட்டு ஆறேறி வளரும் மீன் அது. கவலையில்லாமல் நின்றது. ஐந்து நிமிடத்தில் அட்டைகள் தடிக்க ஆரம்பித்தன. நூல்போல் இருந்தவை பருத்து, துவண்டு, ஒவ்வொன்றாகப் பிடிவிட்டு விழுந்தன. பத்து நிமிடத்தில் டிரம்மின் அடியில் கறுப்பாக ஒரு படலம். ஹார்லிக்ஸ் பாட்டிலின் கணக்கு மறுபக்கத்திலிருந்து நடந்துகொண்டிருந்தது. இங்கே உப்பு உள்ளே, தண்ணீர் வெளியே. இறைக்கத் தெரியாத படகில் தண்ணீர் ஏறியது.

ஒரு வாரத்தில் திரும்ப வந்துவிட்டன. முட்டைக்கூடுகள் வலையிலும் கழியிலும் ஒட்டியிருக்கும், வலையைக் கழற்றி வெயிலில் போடாவிட்டால் பயனில்லை என்று நான் முதலிலேயே சொல்லியிருக்க வேண்டும். சொல்லவில்லை. மூன்று முறை குளிப்பாட்டினோம். அதற்குள் பாதி மீன் புண் வந்து செத்தது. மாமா கூண்டைப் பிரித்துக் கழிகளைச் சுத்துவலைக்கு எடுத்துக்கொண்டார்.

போன கார்த்திகையில் போயிருந்தேன். மாமாவுக்கு எண்பதுக்குமேல். படகில் உட்கார மட்டும் வருகிறார், துடுப்பு பேரன் கையில். அவருக்கு ஒரு செய்தி வைத்திருந்தேன். 2018இல் அமெரிக்க ஆராய்ச்சியாளர்கள் சிலர் அட்டைகளின் மரபணுக்களை வரிசையாக ஒப்பிட்டு, ஹார்டிங்கின் பாதி புத்தகத்தையே கலைத்துவிட்டார்கள். குழல்வாய் அட்டைகள் எல்லாம் ஒரே கூட்டம் இல்லையாம். குளத்து நத்தையோடு கிடந்து குஞ்சைச் சுமக்கும் குடும்பம் ஒரு பக்கம். மீன் அட்டையும், கடலாமையின் கழுத்தில் செவுள் முளைத்துத் தொங்கும் ஆமை அட்டையும் வேறு பக்கம். இந்த இரண்டாவது கூட்டத்துக்கு வைத்த புதுப் பெயரில் சமுத்திரம் இருக்கிறது: ஓஷனோப்டெல்லிபார்மிஸ். மாமாவுக்கு அந்தப் பெயரைச் சொல்லிக் காட்டவில்லை.

“அது அட்டைதான் மாமா. ஆனா உப்புத்தண்ணி அட்டை தனிச் சாதின்னு பிரிச்சிட்டாங்க. நீ சொன்னது பாதி சரி.”

“பாதிப் பங்குன்னா போதும்” என்றார். “வேட்டியைப் புடுங்காம வுட்டாங்களே.”

பேரன் சிரித்தான். படகு கரையோரம் ஆரணியாற்று வெள்ளம் கலந்து செம்மண் நிறத்தில் இருந்த தண்ணீரில் போய்க்கொண்டிருந்தது. இறங்குமுன் மாமா விரலை நனைத்து நாக்கில் வைத்தார். “நல்ல தண்ணிதான். தை பொறந்தாத்தான் உப்பு ஏறும்.” நான் முட்டியளவுத் தண்ணீரில் இறங்கிக் கரைக்கு நடந்தேன். மணலில் ஏறியதும் புடவையைக் கொஞ்சம் தூக்கி, திரும்பி, கெண்டைக்காலைப் பார்த்துக்கொண்டேன்.